வழி தெரிந்த வண்டி

விருதுநகர் தனுஷ்கோடி அண்ணாச்சியின் வெள்ளைக் கார், ஓட்டுகிறவர் தூங்கிப்போனாலும் தனக்குத் தெரிந்த இடத்துக்குத் தானே போய்ச் சேர்ந்துவிடும் என்பது திருச்சிக்குத் தெற்கேயும் வடக்கேயும் நாலுவழிச் சாலையோரம் பிழைக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதியாக இருந்தது. டீக்கடைக்காரருக்குத் தெரியும், சுங்கச்சாவடியில் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குத் தெரியும், பூக்கட்டும் மாரியாயிக்குத் தெரியும், சாத்தங்குறிச்சித் தெருநாய்களுக்குக்கூடத் தெரியும். தெரியாமலிருந்தது அவருடைய மனைவி தங்கபுஷ்பத்துக்கு மட்டும்தான். அவளுக்கும் அது தெரியவந்தது, லைசென்ஸ் கைக்கு வந்த ஈரம் காய்வதற்குள் அவள் முதன்முதலாகத் தனியே நெடுந்தூரம் கிளம்பிய அந்தச் சித்திரை மாதத்து நாளில்.

அவள் கிளம்ப வேண்டிவந்ததற்குக் காரணம் அண்ணாச்சியின் கால். வத்தல் கிட்டங்கியில் மூட்டை அடுக்கின் மேலே ஏறி நின்று வேலையாட்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர், அடுக்கு சரிந்து விழுந்து, கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். சென்னையில் படித்துக்கொண்டிருந்த மகள் நித்திலாவுக்குக் கடைசிப் பரீட்சை முடிந்து, விடுதி அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மெத்தை, புத்தகம், மின்விசிறி, நான்கு வருஷத்துத் துணிமணி. "நான் போய்க் கூட்டிட்டு வாரேன்" என்றாள் தங்கபுஷ்பம்.

"பஸ்ஸுல போ. சாமானை லாரியில போட்டுவிடச் சொல்லுவோம்" என்றார் அண்ணாச்சி.

"வாசல்ல வண்டி நிக்குது. கையில லைசென்ஸ் இருக்கு. பஸ்ஸுல எதுக்குப் போகணும்?"

"அப்ப வாடகை வண்டி பிடிச்சுக்கோ. டிரைவரோட."

"ஏங்க, என் மேல நம்பிக்கை இல்லைன்னு வாயத் தொறந்து சொல்லிருங்களேன்."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது பயம் என்பது அவளுக்குப் புரிந்தது. எதைப் பற்றிய பயம் என்பதுதான் புரியவில்லை. லாரிக்குக் கீழே போய்விடுவேன் என்று பயப்படுகிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டு, அவர் நெற்றியில் திருநீறு பூசி, மாத்திரைகளை எடுத்துக் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்து, பக்கத்து வீட்டம்மாளிடம் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சொல்லிவிட்டு, மறுநாள் விடிகிற நேரத்தில் அவள் வண்டியை எடுத்தாள்.

என்ன ஓட்டம் ஓட்டினாள்! ஓட்டுநர் பள்ளியின் பழைய காரில் கிளட்சை விடும்போதெல்லாம் குதிரை மாதிரித் துள்ளி, மாஸ்டரிடம் திட்டு வாங்கி, ரயில்வே மேம்பாலத்து ஏற்றத்தில் பின்னால் உருண்டு, பின்னால் நின்ற சைக்கிள்காரரிடம் சாபம் வாங்கி, இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறியவள், அன்றைக்கு மதுரையைத் தாண்டி, துவரங்குறிச்சியைத் தாண்டி, கயிற்றைப் பிடித்த மாதிரி நேராகப் போனாள். கியர் வெண்ணெயாக விழுந்தது. லாரிகளை முந்தும்போது இடமும் வலமும் தானே அளவாக அமைந்தது. நாற்பத்தைந்து வயதில் எனக்கு இந்தக் கை எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாகி, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அன்றைய நாளில் அவள் சிரித்தது அதுதான் கடைசி.

திருச்சிக்கு முன்னால் ஒரு புளியமரத்தடி டீக்கடையில் வண்டி வேகம் குறைந்து ஓரம் கட்டி நின்றது. நாமே பிரேக் போட்டோம் போலிருக்கிறது என்றுதான் அவள் எண்ணினாள். கடைக்காரர் சர்க்கரை குறைத்து ஒரு டீயைக் கொண்டுவந்து ஜன்னலில் நீட்டினார், உள்ளே ஒரு பெண்பிள்ளை இருப்பதைப் பார்த்து, "அண்ணாச்சி வரலீங்களா?" என்றார். வழக்கமாக நிற்கிற கடைபோல என்று அவள் டீயைக் குடித்தாள். காவிரியும் கொள்ளிடமும் கடந்துபோயின. சுங்கச்சாவடியில் ஆறேழு வழி இருக்க, வண்டி ஓரத்து வழியாகப் பார்த்துப் போய் நின்றது. கூண்டிலிருந்த பெண் எட்டிப்பார்த்து, "வண்டிய மட்டும் அனுப்பிட்டாரோன்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுத் தடுப்பைத் தூக்கினாள்.

பாடாலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சென்னைக்கு நேராகப் போக வேண்டிய வண்டி, இடப்பக்க விளக்கைத் தானே சிமிட்டிக்கொண்டு கிளைச்சாலையில் இறங்கியது.

தங்கபுஷ்பம் ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினாள். அது அவள் கைக்குள்ளேயே இடப்பக்கம் நழுவியது. பிரேக்கை மிதித்தாள், பிரேக் மெத்தைபோல அமுங்கிக் கொடுத்ததே தவிர வண்டி நிற்கவில்லை. உழவு முடிந்து வீடு திரும்புகிற மாட்டைப்போல, அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், மக்காச்சோளக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் நடுவே அது போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, விருதுநகரிலிருந்து இதுவரைக்கும் ஓட்டிவந்தது தான் இல்லை என்று. அந்த நேரான ஓட்டம், அந்த அளவு, அந்த வெண்ணெய்க் கியர், எதுவுமே அவள் கைவேலை இல்லை. அவள் பயந்ததைவிட அவமானப்பட்டதுதான் அதிகம்.

சாத்தங்குறிச்சி ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த மாரியாயி எழுந்து வந்து, வாழை இலையில் மடித்த மல்லிகைப் பொட்டலத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள்.

"யாருக்கும்மா பூ?" என்றாள் தங்கபுஷ்பம்.

"அக்காவுக்குத்தான். அண்ணாச்சி வந்தா அக்காவுக்குப் பூ வாங்காமப் போவாரா? சாமிப் படத்துக்குக் கொஞ்சம், மாமா படத்துக்குக் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே போன மாரியாயி, அவள் முகத்தை அப்போதுதான் நன்றாகப் பார்த்தாள். பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "நீங்க... தங்கச்சியா? அக்கா முகமேதான். வந்துட்டீங்களா? கடைசியில கோவம் ஆறிட்டுதா?"

அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. எந்த அக்கா, எந்தக் கோபம் என்று கேட்க வாயெடுத்தவளுக்குக் கேட்க முடியாமல் போயிற்று. புருஷன் யாரோ ஒருத்திக்குப் பூ வாங்குகிறார் என்கிற நெருப்பு ஒரு பக்கம் வயிற்றில் பற்றிக்கொள்ள, தங்கச்சி என்ற சொல் மறுபக்கம் குளிர்ந்த கையாய் நெஞ்சைப் பிடித்தது.

தங்கபுஷ்பத்துக்கு ஓர் அக்கா இருந்தாள். அம்மா செத்தபோது தங்கபுஷ்பம் கைக்குழந்தை. இடுப்பில் தூக்கிச் சுமந்து, சோறூட்டி, பேன் பார்த்து, பின்னல் போட்டு, வயதுக்கு வந்தபோது பக்கத்தில் படுத்துக்கொண்டு பயம் தெளிவித்து வளர்த்தவள் ராஜகனி. தங்கபுஷ்பம் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, நூல் மில்லில் பிட்டர் வேலை பார்த்த அரங்கசாமி என்கிற வேற்றுச் சாதிக்காரரோடு அவள் போய்விட்டாள். அப்பா தலை முழுகினார். அவள் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்றார், யாரும் சொல்லவில்லை. தங்கபுஷ்பம் தன் கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்துகொண்டு வாசலையே பார்த்தாள். வளைகாப்பன்று பார்த்தாள். நித்திலா பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கதவைப் பார்த்தாள். அப்பா காலமான பிறகு புருஷனிடம் அழுது கேட்டாள், எப்படியாவது தேடிக் கண்டுபிடியுங்கள் என்று. அவர் தேடினார். தேடிவிட்டு வந்து, "வடநாட்டுப் பக்கம் போயிட்டாங்களாம். தடமே இல்ல. விட்டுரு" என்று சொல்லி, அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கையின் கனம் அவளுக்கு இன்னும் நினைவிருந்தது.

வண்டி ஒரு சிமெண்டுத் தெருவுக்குள் நுழைந்ததும், கருவாடு காயப்போட்டிருந்த ஒருத்தி சாக்கை ஓரமாக இழுத்துக்கொண்டாள். கோலத்தை மிதிக்காமல் வண்டி ஒதுங்கிப் போயிற்று. தையற்கடைக்கு முன்னால் தென்னங்கீற்றில் ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். அதன் நிழலுக்குள் போய், இரண்டு நாய்கள் எழுந்து இடம் விட, மூச்சு விட்டாற்போல வண்டி அடங்கியது. எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து மொச்சையும் கருவாடும் போட்ட குழம்பின் வாசம் வந்தது. அந்த வாசத்திலேயே தங்கபுஷ்பத்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"வாங்க தம்பி, கால் எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி, தலை முக்கால்வாசி நரைத்த ராஜகனி வெளியே வந்தாள்.

ராஜகனி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ஏ புஷ்பம், ஏ தங்கம், வந்துட்டியா" என்று தோளிலும் முதுகிலும் அடித்து அடித்து அழுதாள். தங்கபுஷ்பம் தூணாக நின்றாள். எத்தனையோ வருஷம் இந்தக் கைகளுக்காக ஏங்கியவள், கைகள் வந்தபோது அவற்றுக்குள் இருக்க முடியாமல் நின்றாள். "தம்பின்னு யாரக் கூப்பிட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்குள் அரங்கசாமியின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மாமா மாரடைப்பில் போனது, அண்ணாச்சிதான் கூட நின்று எல்லாம் செய்தது, பாடைக்குத் தோள் கொடுத்தது, எல்லாவற்றையும் ராஜகனி அழுகையோடு சொல்லச் சொல்ல, தங்கபுஷ்பத்துக்கு ஒரு மாலைப்பொழுது ஞாபகம் வந்தது. பயணத்திலிருந்து திரும்பிய புருஷன் வீட்டுக்குள் வராமல் கொல்லைப்புறமாகப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, "தெரிஞ்ச வியாபாரி வீட்டுச் சாவு" என்றார். அவள் துண்டு எடுத்துக் கொடுத்தாள். சூடாகக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"வெங்காயம் வாங்க வந்தவரு என்னைய மண்டியில பார்த்து அடையாளம் கண்டுக்கிட்டாரு. பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும்" என்றாள் ராஜகனி. "அன்னைக்கிருந்து மாசம் ரெண்டு தடவையாவது வருவாரு. சாப்பிடுவாரு, ஒரு தூக்கம் போடுவாரு, போவாரு. வர்றப்பல்லாம் கேப்பேன், புஷ்பத்தக் கூட்டிட்டு வாங்கன்னு. அவ இன்னும் கோவமாத்தான் இருக்கா, உங்க பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுறான்னு சொல்லுவாரு."

"நீ நம்பிட்ட."

"வீட்டு வாசலுக்கு நான் வந்தா நீ கதவச் சாத்திருவன்னு சொன்னாரு, புஷ்பம்."

"சாத்தியிருந்தா, சாத்தின கதவையாவது பார்த்திருப்ப. ஒரு தடவ வந்து பார்த்திருக்கலாம்ல. என்னைய இடுப்புல வச்சு வளர்த்தவ. நான் கதவச் சாத்துறவளா இல்லையான்னு ஊரான் சொல்லியா உனக்குத் தெரியணும்?"

அந்த நேரம் பார்த்துத் தங்கபுஷ்பத்தின் செல்போன் அடித்தது. தனுஷ்கோடி.

"எங்க இருக்க?"

"வண்டி கொண்டுவந்து விட்ட எடத்துல."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிடுவது கேட்டது. "மொதல்ல எங்கம்மாவுக்குப் பயந்துதான் சொல்லல, புஷ்பம்."

"அத்தை செத்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"அதுக்கப்புறம், இத்தனை நாள் சொல்லாம இருந்ததுக்குப் பயந்து சொல்லல."

"அவகிட்ட நான் கோவமா இருக்கேன்னு சொன்னீங்களே. அது எந்தப் பயம்?"

அவள் போனை அணைத்தாள். அவளைக் குடைந்தது பெரிய பொய்கள் இல்லை; ஒவ்வொரு பயணமும் முடிந்து வந்து, "நாலு நாளா ஹோட்டல் சாப்பாடு, வாய் செத்துப்போச்சு" என்று அவர் சொன்னதும், அதைக் கேட்டு அவள் அந்த நேரத்திலும் ரசம் வைத்து அப்பளம் பொரித்ததும்தான். அக்காவின் கைச்சோற்றைத் தின்ற வாய் அது. அதற்குத்தான் அவள் பத்துப் பன்னிரண்டு வருஷமாக ரசம் வைத்திருக்கிறாள்.

அவள் எழுந்து வெளியே வந்து வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினாள். வண்டி எழும்பவில்லை.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்றார் தையற்கடை காசிம் பாய், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே. "சாப்பிடாமக் கெளம்பாதுங்க. அண்ணாச்சி சாப்பிட்டு, ஒரு கண் அசந்து எந்திரிச்சாத்தான் அது எந்திரிக்கும். பழகிப்போச்சு."

அதற்குள் தெரு கூடிவிட்டது. வண்டி எப்படிப் பழகியது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். முதலில் அவர்தான் ஓட்டி வந்தாராம். ஒருநாள் நல்ல காய்ச்சலில் ஸ்டீயரிங்மேல் சாய்ந்து நினைவில்லாமல் கிடந்தவரை வண்டி தானாகக் கொண்டுவந்து இந்தப் பந்தலில் சேர்த்ததாம். அன்றைக்குப் பந்தல்கூட இல்லை, வெறும் வெயிலாம். இது ருசி கண்ட வண்டி, குழம்பு வாசத்துக்கு வருகிறது என்றது தெருவின் மேற்குப் பகுதி. வாயே இல்லாததற்கு என்ன ருசி, இது விசுவாசம் என்றது கிழக்குப் பகுதி. இதில் இரண்டு பகுதிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய், ஒரு கல்யாணத்தில் சமாதானமானார்கள். மாட்டுப்பொங்கலன்று இதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பம்பரில் பொங்கலைப் பூசி, "பொங்கலோ பொங்கல்" சொல்வார்களாம். ஆளில்லாமல் ஓடுகிறது என்று வழக்கு எழுத வந்த போலீஸ்காரர் ஒருவர், கையெழுத்தை யாரிடம் வாங்குவது என்று தெரியாமல், பானட்டைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். சிமெண்டு ரோடு போட்டபோது இந்தப் பந்தல் இடத்தை மட்டும் வண்டிக்குக் காலில் குத்தக் கூடாது என்று நைசாகப் பூசச் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் அவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். வெளியூர் உறவுக்காரரின் பிள்ளையைப் பற்றி அவரிடமே புகழ்ந்து சொல்வதுபோல, அவள் சந்தோஷப்படுவாள் என்று நம்பிச் சொன்னார்கள்.

"உங்களுக்கு எல்லாருக்கும் என்னையத் தெரியுமா?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"தெரியாம? உங்களுக்கு இடது முட்டி வலிக்கும். பால் காப்பி சேராது" என்றாள் கருவாட்டுக்காரி.

"பிடிவாதம் ஜாஸ்தி. அக்கா மேல தீராத கோவம்" என்றார் இன்னொருவர்.

தான் இல்லாத ஒரு தெருவில், தன்னைப் போலவே முட்டி வலிக்கிற, தன்னைப் போலவே காப்பி குடிக்காத, ஆனால் கல் நெஞ்சுக்காரியான ஒரு தங்கபுஷ்பம் இத்தனை வருஷமாகக் குடியிருந்திருக்கிறாள் என்பது அவளுக்கு விளங்கியது. அவளை இவர்கள் மன்னித்தும் வைத்திருந்தார்கள்.

வண்டியைக் கிளப்ப அவர்களும் முயன்றார்கள். யார் சாப்பிட்டால் என்ன, சாப்பாடு இறங்கினால் சரிதானே என்று ஒருவர் ராஜகனி வீட்டில் போய் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஏப்பம் விட்டார். வண்டி ஏமாறவில்லை. தள்ளிப் பார்த்தார்கள், நாலு சக்கரமும் தரையைக் கவ்விக்கொண்டு நின்றது.

கடைசியில் காசிம் பாய்தான் இறங்கி வந்தார். மனசுக்குள் அவளுக்காக வருத்தப்பட்டவர் அவர் ஒருவர்தான். வேறு ஏதாவது பேசி அவளை ஆற்ற நினைத்தார். "போகட்டும்மா. நம்ம பாப்பாவுக்குப் பச்சையில ஒரு சுடிதார் தச்சுக் கொடுத்தேனே, தோள் சரியா இருந்துச்சா?"

தங்கபுஷ்பம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பச்சைச் சுடிதார். தீபாவளிக்கு நித்திலா போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, எங்கேடி எடுத்த, தையல் இவ்வளவு சுத்தமா இருக்கு என்று கேட்டாள். தி.நகர்லம்மா என்றது பிள்ளை. கண்ணைப் பார்த்துத்தான் சொன்னது.

"பாப்பா இங்க வருமா?"

"ஹாஸ்டலுக்குக் கொண்டுவிடறப்ப, கூட்டிட்டு வர்றப்ப எல்லாம் இங்க வந்துட்டுத்தானே..." என்று தொடங்கிய காசிம் பாய், தான் வெட்டக் கூடாத இடத்தில் கத்தரியை வைத்துவிட்டோம் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

தங்கபுஷ்பம் இறங்கி வீட்டுக்குள் போனாள். "போடு" என்றாள். ராஜகனி இலை போட்டாள். வண்டி கிளம்புகிற அளவுக்கு ஒரு வாய் தின்றுவிட்டு எழுந்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தாள். மொச்சை வெந்து குழைந்திருந்தது. கருவாட்டோடு கத்தரிக்காய் கரைந்திருந்தது. முதல் உருண்டையிலேயே பள்ளிக்கூடத்துப் பாவாடையோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்த சிறுமி அவளுக்குள்ளிருந்து எழுந்துவந்து கையை நீட்டிவிட்டாள். தங்கபுஷ்பம் முழுச் சோற்றையும் தின்றாள். மறுசோறு கேட்டாள். கண்ணீர் இலையில் விழ விழ, நிறுத்த முடியாமல், விரல்களை வழித்துத் தின்றாள். ஊர் ஏமாற்றியது, புருஷன் ஏமாற்றினான், பெற்ற பிள்ளை ஏமாற்றியது. கடைசியில் அவளுடைய சொந்த நாக்கும் அவள் பக்கம் நிற்கவில்லை.

வெளியே வண்டி உறுமிக்கொண்டு உயிர்பெற்றது. தெரு சந்தோஷத்தில் கைதட்டியது.

"மறுபடி வருவியா?" என்றாள் ராஜகனி, ஜன்னல் கம்பியைப் பிடிப்பதுபோலக் கார்க் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு.

"வண்டி வரும். அதுக்குத்தான் பழக்கமாச்சே" என்றாள் தங்கபுஷ்பம். சொன்ன மறுகணமே அந்தச் சொல் தனக்கே வலித்தது. ஆனாலும் திருப்பி எடுக்கவில்லை.

நெடுஞ்சாலைக்கு வந்ததும் வண்டி தன்போக்கில் சென்னைப் பக்கம் முகத்தைத் திருப்பியது. அங்கே நித்திலா காத்திருப்பாள்; வண்டிக்கு அந்த வழியும் மனப்பாடம். தங்கபுஷ்பத்துக்கு மேலெல்லாம் எரிந்தது. இந்த வண்டி கொண்டுபோய் இறக்கிவிட்ட இடத்தில் இறங்கி, இது சொன்ன இடத்தில் சாப்பிட்டு, இது முடித்த பிறகு வீட்டுக்குப் போகிற பெண்பிள்ளையாக இனி ஒரு கல் தூரமும் இருக்க முடியாது என்று தோன்றியது. பெரம்பலூரில் அரியலூர் ரோடு பிரிகிற இடத்தில், இரண்டு காலையும் ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் ஸ்டீயரிங்கில் போட்டு இழுத்தாள். வண்டி முரண்டு பிடித்தது. அவள் விடவில்லை. கெட்ட வார்த்தை சொன்னாள். இத்தனை வருஷத்தில் புருஷனைப் பார்த்துச் சொல்லாததையெல்லாம் அந்தத் தகரத்திடம் சொன்னாள். பின்னால் பத்து லாரிகள் ஹாரன் அடித்தன. கடைசியில் வண்டி முக்கிமுனகிக் கிழக்கே திரும்பியது.

அந்த ரோடு வண்டிக்குத் தெரியாது. புது வீட்டுக்கு வந்த பூனையைப்போல அது பதுங்கியது, தயங்கியது, பிறகு முழுக்க அவள் கைக்குள் வந்து விழுந்தது. வந்து விழுந்ததும்தான் தெரிந்தது, அவளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று. சிமெண்டு லாரிகளுக்கு நடுவே இன்ஜின் அணைந்தது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. கியர் பல்லைக் கடித்தது. ஜெயங்கொண்டத்தில் ஓர் ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டபோது ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, "மெதுவா விடுக்கா கிளட்ச, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லி, அவள் நகரும்வரைக்கும் பின்னால் வந்த வண்டிகளை மறித்து நின்றார். ரவிக்கை நனைந்து, முட்டி துடித்து, இருட்டுவதற்கு முன் கடலூர் வந்து ஒரு லாட்ஜில் அறை எடுத்தாள். நித்திலாவுக்குப் போன் செய்து, "காலையில வாரேன்" என்று மட்டும் சொன்னாள். பிள்ளை அம்மா என்று இழுத்தது. அவள் வைத்துவிட்டாள்.

மறுநாள் விடுதி வாசலில் நித்திலா சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன, அப்பா பேசியிருக்கிறார். தங்கபுஷ்பம் ஒன்றும் கேட்காமல் மெத்தையைத் தூக்கிப் பின்னால் திணித்தாள், புத்தக மூட்டையைத் தூக்கினாள், மின்விசிறியைப் போர்வையில் சுற்றினாள். நித்திலா முன்னால் ஏறி உட்கார்ந்து பெல்ட் மாட்டிக்கொண்டாள். திரும்பும்போதும் கடற்கரை வழியாகவே போவது என்று தங்கபுஷ்பம் முடிவு செய்திருந்தாள். புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம், இராமநாதபுரம் என்று சுற்றிச் சுற்றி, இரண்டு நாளானாலும் சரி.

மரக்காணத்து உப்பளங்கள் வந்தன. வண்டி இன்னும் இடையிடையே துள்ளியது.

"அப்பா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா" என்றாள் நித்திலா. "ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் வருவேன். நீ வாசல்ல நின்னு சிரிப்ப. சொல்ல முடியாது."

தங்கபுஷ்பம் சாலையையே பார்த்தாள். ஒரு பேருந்து அவளை உரசினாற்போல முந்திப் போயிற்று. வண்டியை நேராக்கிக்கொண்டு, கேட்டாள். "மொதத் தடவை போனப்ப என்ன வச்சா?"

"என்னம்மா?"

"உன் பெரியம்மா. மொதத் தடவை நீ போனப்ப என்ன சமைச்சா?"

நித்திலா மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "பருப்புருண்டைக் குழம்பு. அவரைக்காய்ப் பொரியல்."

"அடுத்த தடவை?"

"புளிக்குழம்பு. கூட வெங்காய வடகம் பொரிச்சாங்க."

"யாரு எலையில மொதல்ல வச்சா? உனக்கா, அப்பாவுக்கா?"

"எனக்கு."

"உனக்குத் தலை வாரிவிட்டாளா?"

"ம். ரெட்டைப் பின்னல் போட்டுவிட்டாங்க. நான் பெரியவளாயிட்டேன்னு சொன்னாலும் கேக்கல."

இரண்டு பக்கமும் உப்பு வெயிலில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தது. அவளுக்கு இன்னும் நிறையத் தெரிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு வேளையும், ஒவ்வொரு சேலையும், மாமா செத்தபோது அக்கா எப்படி அழுதாள் என்பதும், வீடு வருவதற்குள் அத்தனையும் தெரிய வேண்டும்.

"பருப்புருண்டை உடையாம இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அவளுக்கு என்னைக்குமே உருண்டை உடஞ்சுதான் போகும். பொய் சொல்லாத."

நித்திலா தலையைக் குனிந்துகொண்டாள். "பாதி உடஞ்சிருந்துச்சு" என்றாள்.

"ம்" என்றாள் தங்கபுஷ்பம். கியரை மாற்றினாள். அது பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தது. "மேல சொல்லு."